எங்கள் வீட்டின் ஒரே ஓட்டு

செப்டம்பர் 18, ஞாயிறு

இன்று மதியம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சரித்திரம் என் வீட்டுக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு தடவை மீன்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. அதன் பெயர் கெசியா. என் அக்கா மகள். ஓஹையோ மாநிலத்தில் ஹார்லோ கவுண்டி என்று நம்மூர் தாலுகா அளவில் ஒரு சோளக்காடு. அதற்குக் கமிஷனராக வர, கழுதைச் சின்னக் கட்சியில் நிற்கிறாள். நவம்பர் எட்டாம் தேதி தேர்தல்.

விஷயம் இதுதான். கவுண்டி ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடப் போகிறார்கள். நஷ்டமாம். மூடிவிட்டால் அடுத்த பிரசவ வார்டுக்குக் காரில் ஒரு மணி நேரம். பனி கொட்டுகிற நாளில் கிளம்பினால் பிள்ளை வழியிலேயே பிறந்து, நடக்கப் பழகி, ஆஸ்பத்திரிக் கதவைத் தானே தட்டும். கமிஷனர்கள் மூன்று பேர். ஒருவர் மூடலாம் என்கிறார், ஒருவர் கூடாது என்கிறார். மூன்றாவது நாற்காலிக்குத்தான் தேர்தல். கெசியா உட்கார்ந்தால் வார்டு பிழைக்கும். யானைச் சின்னத்துக்காரர் உட்கார்ந்தால் பூட்டு. அந்த வார்டில் பன்னிரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவள் அவள். எங்கள் தமிழ்ச் சபையில் ஓடித் திரிகிற பிள்ளைகளில் பாதி, முதன்முதலில் அழுதது அவள் கையில்தான்.

“மாமா, நம்ம சபையில நீங்கதான் பேசணும். உங்க பேச்சைத் தட்டறவங்க யாரு இருக்கா?” என்றாள்.

யாரும் இல்லை என்று தன்னடக்கத்தோடு ஒப்புக்கொண்டேன்.

ஒரே ஒரு சின்னச் சிக்கல். எனக்கு ஓட்டு இல்லை. முப்பத்து நாலு வருஷமாக இங்கே குடியிருந்தும் இந்தியப் பாஸ்போர்ட்டை விடாத மாவீரன் நான். அதன் அட்டையில் இருக்கும் சிங்கங்கள் என்னை நம்பித்தான் நிற்கின்றன. ஆகவே இந்த வீட்டில் இருக்கும் ஒரே ஓட்டு என் மனைவி எப்சிபாவுடையது.

வந்த புதிதில் எப்சிபாவுக்கு இங்கிலீஷ் வராது. கடையில், பாங்க்கில், ஆஸ்பத்திரியில், எங்கே போனாலும் அவளுக்கு வாய் நான்தான். டயர் ஆலையில் என் இங்கிலீஷைக் கேட்டு வெள்ளைக்காரர்களே சந்தேகம் தெளிந்துகொண்ட காலம் அது. பிறகு இவள் ராத்திரிப் பள்ளிக்குப் போய் மொழி படித்தாள். தொண்ணூற்று ஒன்பதில் தனியாகப் போய்க் குடியுரிமைப் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். எதற்கு இந்த அவசரம் என்று கேட்டேன். “யாராவது ஏதாவது கேட்டா நானே பதில் சொல்லணும்” என்றாள். பரீட்சையில் கேட்கிற கேள்விகளைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஒரு தேர்தலையும் விட்டதில்லை. ஒரே அளவுகோல். கருக்கலைப்பை எதிர்க்கிறவர் யார்? அவருக்கு ஓட்டு. ஆள் பத்து பாங்க்கைக் கொள்ளையடித்துவிட்டு வந்திருந்தாலும் சரி, ரோட்டை விற்றுத் தின்றவராக இருந்தாலும் சரி. நாய் பிடிக்கிற அதிகாரி பதவிக்கு நின்றாலும் இவள் அதைத்தான் விசாரிப்பாள்.

கெசியாவைக் கைக்குழந்தையிலிருந்து இடுப்பில் வைத்து வளர்த்தவள் எப்சிபா. சொந்த ரத்தம் நிற்கும்போது மாறாமலா இருப்பாள்? மாற்றிவிடுகிறேன். இரண்டு வாரம் போதும்.

செப்டம்பர் 24, சனி

கெசியாவோடு வீடு வீடாகப் போனேன். கதவைத் தட்டுவதில் எனக்கு இருக்கும் நளினத்தைப் பார்த்து இரண்டு நாய்கள் குரைப்பதை நிறுத்தின.

ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எங்களை உள்ளே கூப்பிட்டு எலுமிச்சைச் சாறு கொடுத்தார். கெசியாவைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பேத்தி பிறந்தபோது இரவு முழுக்கக் கூட இருந்தவள் இவள்தானாம். வார்டை மூடுவது பெரிய அநியாயம் என்றார். மேஜையைத் தட்டி இரண்டு தடவை சொன்னார். நான் மனதுக்குள் ஓட்டுப் பெட்டியைத் திறந்து அந்த ஓட்டை உள்ளே போட்டு மூடிவிட்டேன். அப்புறம் அவர் மெதுவாக, எப்சிபா கேட்கிற அதே கருக்கலைப்புக் கேள்வியைக் கேட்டார். கமிஷனருக்கு அதில் அதிகாரம் இல்லை என்று கெசியா சொன்னாள். தெரியும் என்றார். ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். அவள் என்னவோ சுற்றிவளைத்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து, வெகு மரியாதையாக, எங்களுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

இன்று முழுக்க இதே கதை. ரோடு, குடிநீர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் ஒரு தட்டில். அந்த ஒரு கேள்வி இன்னொரு தட்டில். இமயமலையைத் தூக்கி முதல் தட்டில் வைத்தாலும் தராசு அசையாது.

மில் தெருவில் வலப்பக்க வரிசை கல்லறைத் தோட்டம் வரைக்கும் போகிறது. எனக்கு முழங்கால் வலித்தது. கெசியா மட்டும் போய்விட்டு வந்தாள். நான் டயருக்குக் காற்று பார்த்தேன்.

செப்டம்பர் 27, செவ்வாய்

பாஸ்டர் ஜெபசிங்கைப் பிடித்தேன். வயதில் சின்னவர், நல்ல மனுஷன். எந்தக் கட்சிக்கும் பிரசங்க மேடையில் இடமில்லை என்பார். அவரைக் காபிக் கடைக்குக் கூப்பிட்டு ஒன்றேகால் மணி நேரம் அரசியல் சாசனம், வேதாகமம், டயர் உற்பத்தி மூன்றையும் கலந்து ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். ஆயிரம் விஷயம் இருக்கிற நாட்டில் ஒன்றை மட்டும் பார்த்து ஓட்டுப் போடுவது என்ன நியாயம் என்று முடித்தேன்.

அவர் காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “அண்ணாச்சி, அது ஒரு உயிர்னு நெசமாவே நம்புறவனுக்கு மத்த ஆயிரமும் சில்லறைதான். அவன் முட்டாள் இல்ல. அவன் கணக்கு வேற.”

வீட்டுக்கு வருகிற வழியில் ஏழு அற்புதமான பதில்கள் வந்தன. காரில் யாரும் இல்லை.

அக்டோபர் 1, சனி

இரண்டு வாரம் முடிந்தது. எப்சிபாவிடம் நான் இதுவரை பிரயோகித்த அஸ்திரங்கள்: பாசம், தர்க்கம், கெசியா சின்னப்பிள்ளையாக ஊஞ்சலில் இருக்கும் போட்டோ. மூன்றுக்கும் ஒரே விடை. “சாப்பிடுங்க, ஆறுது.”

அக்டோபர் 9, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. அதாவது ஊரில் கோயிலுக்கு முதல் விளைச்சலைக் கொண்டுவந்து வைத்து ஏலம் விடுவோமே, அதை இங்கேயும் விடாமல் நடத்துகிறோம். லூத்தரன் கோயிலின் கீழ்த்தளம்தான் எங்கள் சபை. பூசணி, முருங்கைக்காய், வாழைத்தார், வீட்டில் போட்ட ஊறுகாய் எல்லாம் வரிசையாக இருந்தன. ஏலம் விடுகிறவன் இருபது வருஷமாக நான்தான். சுத்தியலுக்குப் பதில் சப்பாத்திக் கட்டை. நான் கூவினால் பக்கத்துக் கவுண்டியில் இருக்கிறவர்களும் தூக்கத்தில் கை தூக்குவார்கள்.

எப்சிபா கொடுத்தது கறிவேப்பிலைச் செடி. இந்தக் குளிரில் கறிவேப்பிலை வளர்ப்பது யானைக்குட்டியைக் குளியலறையில் வளர்ப்பதற்குச் சமம். ஏழு பனிக்காலம் வீட்டுக்குள் தூக்கி, வெயிலுக்கு வெளியே தூக்கி, பிள்ளை மாதிரி பார்த்தாள். சபையில் எல்லாருக்கும் அதன்மேல்தான் கண்.

என் திட்டம் எளிமையானது, மகத்தானது. செடியைக் கெசியா எடுக்க வேண்டும். எடுத்த கையோடு மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை நன்றி சொல்லி, அப்படியே வார்டைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏலத்தில் எடுத்தவர் பேசுவது வழக்கம்தானே. யார் தடுப்பார்?

மளிகைக் கடை ஆசீர்வாதம் தடுத்தார். நாங்கள் எல்லாரும் அரிசி பருப்பு வாங்குவது அவர் கடையில்தான். கெசியா சொன்ன தொகைக்கு மேல் அவர் ஏற்றினார். அவள் ஏற்றினாள். அவர் ஏற்றினார். அவள் கடைசியாக ஒன்று சொன்னாள். அவர் கை மறுபடி மேலே வருவது எனக்குத் தெரிந்தது. நான் மேலே இருந்த மின்விசிறியைப் பார்த்தேன். வழக்கமாக ஒரு தரத்துக்கும் இரண்டு தரத்துக்கும் நடுவில் ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற அளவு இடைவெளி விடுவேன். இன்று மூன்று தரத்தையும் ஒரே மூச்சில் விழுங்கிக் கட்டையைப் போட்டேன்.

சபை சிரித்தது. ஆசீர்வாதம் சிரிக்கவில்லை. எழுந்து முன்னால் வந்தார். கெசியா கையில் மைக் இருந்தது, நன்றி சொல்ல வாய் திறந்திருந்தாள்.

“செடி உனக்கே இருக்கட்டும்மா. அண்ணாச்சி கண்ணு என் பக்கம் தெரியல, வயசாகிட்டு. நீ எங்ககிட்ட ஓட்டு கேக்கப் போற. அதனால ஒரே ஒரு கேள்வி. கருக்கலைப்புக்கு நீ ஆதரவா, எதிரா? ஆமா, இல்லன்னா போதும்.”

நான் கட்டையால் மேஜையைத் தட்டி, அடுத்தது முருங்கைக்காய் என்று கூவினேன். ஒருவரும் திரும்பவில்லை.

கெசியா செடியைக் கீழே வைத்தாள். “அங்கிள், கமிஷனருக்கு அதுல ஒரு அதிகாரமும் இல்ல. அதைச் சொல்லிட்டு நான் தப்பிச்சுக்கலாம். ஆனா எங்க வீட்டு ஆட்கள் முன்னாடி கேட்டுட்டீங்க. அது ஆமா, இல்லன்னு சொல்ற விஷயமில்ல. வார்டுல நான் பாத்திருக்கேன். அந்த நேரத்துல படுத்திருக்கற அந்தப் பொண்ணைக் கேக்கணும். உங்களை இல்ல, என்னை இல்ல. அவளைக் கேக்கணும்.”

பாஸ்டர் சட்டென்று ஒரு ஜெபம் சொன்னார். முருங்கைக்காயை நானே கேட்டு நானே எடுத்துக்கொண்டேன்.

எப்சிபா சமையலறைப் பக்கம் கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். திரும்பி, அண்டாவைத் தொட்டியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். அதில் பாதி பிரியாணி இருந்தது.

அக்டோபர் 10, திங்கள்

எப்சிபா பேசவில்லை. இட்லி இருந்தது.

அக்டோபர் 14, வெள்ளி

தபாலில் ஓட்டுச் சீட்டு வந்துவிட்டது. எப்சிபா அதைப் பிரிக்காமல் குளிர்பதனப் பெட்டியின் கதவில், மாம்பழக் காந்தத்துக்கு அடியில் செருகிவிட்டாள். பால் எடுக்கப் போனால் அது. தயிர் எடுக்கப் போனால் அது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை எனக்குப் பசிக்கிறது என்று இப்போதுதான் கவனிக்கிறேன்.

ஆசீர்வாதம் கடைக்குப் போனேன். பொன்னி அரிசி தீர்ந்துவிட்டதாம். அவருக்குப் பின்னால் மலைபோல் அடுக்கியிருந்தது பொன்னி அரிசியா, பூட்டானின் பட்டத்து அரிசியா என்று நான் விசாரிக்கவில்லை.

அக்டோபர் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்தால் எல்லாக் கார்களின் கண்ணாடியிலும் துடைப்பானுக்கு அடியில் ஒரு தாள். யார் வைத்தது என்று ஆண்டவருக்கும் ஆசீர்வாதத்துக்கும்தான் தெரியும். கவர்னரிலிருந்து கவுண்டி கணக்காளர் வரை எல்லாப் பெயரும் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு கட்டம். கருக்கலைப்பை எதிர்த்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. பிணங்களைப் பரிசோதிக்கிற அதிகாரிக்குக்கூட ஒரு கட்டம். இறந்தவர்கள் விஷயத்தில் அவர் என்ன நிலைப்பாடு எடுக்க முடியும் என்று தெரியவில்லை, பச்சை வாங்கியிருக்கிறார். வார்டை மூடப்போகும் யானைக்காரருக்குப் பச்சை. கெசியாவுக்குச் சிவப்பு.

அதாவது, உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்பவர்களெல்லாம் சேர்ந்து, பிள்ளை பிறக்கிற இடத்தைப் பூட்டுகிறவருக்கு ஓட்டுப் போடப் போகிறார்கள். இதை நான் கார் நிறுத்துமிடத்தில் ஒரு வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு உரத்த குரலில் விளக்கினேன். ரோமாபுரிச் சபையில் பேசியிருந்தால் சிலை வைத்திருப்பார்கள். இங்கே, வண்டிக்காரர் வந்து, “அண்ணாச்சி, கொஞ்சம் கைய எடுங்க, கிளம்பணும்” என்றார்.

எப்சிபா அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். மாதர் சங்கத்துக்குத் தலைவி அவள். அவள் போகிற பக்கம் இருபது குடும்பம் போகும். கூட்டத்தில் அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 20, வியாழன்

கெசியாவைச் சாப்பிடக் கூப்பிட்டது நான் இல்லை, எப்சிபா. எனக்கு ஆச்சரியத்தில் பல்செட் கழன்று விழப் பார்த்தது.

கெசியாவுக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பாவம், ஒரு வாரத்தில் பத்து வயது கூடிவிட்டது. சபையில் அவள் கையில் பிறந்த பிள்ளைகளின் அம்மாக்கள் கடைத்தெருவில் அவளைப் பார்த்தால் காய்கறிப் பக்கம் நழுவுகிறார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். “மாமா, அன்னைக்கு நீங்க ஆசீர் அங்கிள் கையைப் பாக்கலையா, நெசமாவா?” என்று கேட்டாள். மின்விசிறியில் ஒரு சிலந்தி இருந்தது என்றேன். அக்டோபரில் ஓஹையோ சிலந்திகள் மிகவும் ஆபத்தானவை என்றும் விளக்கினேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அத்தையும் மருமகளும் சமையலறைக்குள் போனார்கள். எப்சிபா ஏதோ கேட்பது தெரிந்தது. நான் தண்ணீர் குடிக்கும் சாக்கில் கதவருகே போனேன். சரியாக அப்போது மிக்ஸியைப் போட்டாள். அரைக்க ஒன்றும் இல்லாத மிக்ஸி. காலி ஜாடி சுற்றுகிற சத்தம் எனக்குத் தெரியாதா, டயர் ஆலையில் முப்பது வருஷம் இருந்தவன்.

வெளியே வரும்போது கெசியா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் என்றாள். வெங்காயமும் இல்லை.

போகும்போது அத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு என்னையும் ஒரு மாதிரிப் பார்த்தாள். திட்டுவதற்கு முன்னால் பார்ப்பது மாதிரியும் இருந்தது, திட்டாமல் விட்டுவிடுவது மாதிரியும் இருந்தது.

அக்டோபர் 26, புதன்

குளித்துவிட்டு வந்தேன். காந்தம் இருக்கிறது. சீட்டு இல்லை.

கேட்டேன். “நிரப்பியாச்சு. போட்டாச்சு” என்றாள். எங்கே என்றேன். தேர்தல் ஆபீஸ் பெட்டியில் என்றாள். யாருக்கு என்றேன். கத்தரிக்காய் வதக்க எண்ணெய் போதுமா பாருங்க என்றாள்.

முப்பத்தேழு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். முகத்தைப் பார்த்து என்ன குழம்பு என்று சொல்லிவிடுவேன். இந்த ஒன்று மட்டும் தெரியவில்லை. எரிச்சலில் எண்ணெயை நானே ஊற்றினேன். அதிகமாகிவிட்டது.

அக்டோபர் 30, ஞாயிறு

இன்றும் கேட்டேன். இன்றும் கத்தரிக்காய்.

நவம்பர் 2, புதன்

கல்லறைத் திருநாள். ஊரில் இன்றைக்கு எல்லாரும் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு தங்கள் ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போவார்கள். எப்சிபாவும் வருஷாவருஷம் மில் தெருவுக்குப் போகிறாள். கடையில் மஞ்சள் செவ்வந்தித் தொட்டி ஒன்று வாங்கிக்கொள்வாள். நான் கூடப் போவேன். காரில் இருப்பேன். அந்த வாசலில் நிறுத்தினால் எங்கள் காரின் டயர்களில் காற்று எப்போதும் குறைவாகத் தெரியும், இறங்கி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்று மழை. காற்று வேறு. மூன்றாவது டயரில் இருந்தேன். எப்சிபா நனைந்துகொண்டு திரும்பி வந்து நின்றாள். மெழுகுவர்த்தி நிற்க மாட்டேன் என்கிறது, வந்து குடை பிடியுங்கள் என்றாள். முழங்கால் என்றேன். டயருக்குக் குனியற முழங்கால்தானே என்றாள்.

போனேன்.

சின்னக் கல். நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்னது. “பேபி செல்லையா, 1989” என்று வெட்டியிருக்கிறது. என் பெயரைக் கல்லில் பார்ப்பது நன்றாக இல்லை. அவள் கீழே உட்கார்ந்து மெழுகுவர்த்தியைப் பொருத்தினாள். நான் குடையைப் பிடித்தேன். சரியாகப் பிடிக்கவில்லை, அவள் முதுகு நனைந்தது.

பேசாமல் நிற்பது எனக்கு ஆகாத காரியம். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, கெசியாவுக்குத்தானே போட்ட, எப்சி, அதை மட்டும் சொல்லிரு என்றேன். அந்த இடத்தில் போய் ஓட்டு கேட்ட ஒரே மனுஷன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அன்னைக்கு டாக்டர் உங்களைத்தான் கேட்டாரு.”

மழை பெய்துகொண்டிருந்தது.

“பிள்ளைய எடுத்தாத்தான் தாயக் காப்பாத்த முடியும், இப்பமே முடிவு சொல்லணும்னு கேட்டாரு. எனக்கு இங்கிலீசு தெரியாதுன்னு உங்க பக்கம் திரும்பிட்டாரு. நீங்களும் பதில் சொல்லிட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை தமிழ்ல கேக்கல. நான் முழிச்சுத்தான் கிடந்தேன்.”

அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று சொன்னேன். அஞ்சாவது மாசம், ரத்தம் நிற்கவில்லை, நேரம் இல்லை.

“தெரியும். அதைத் தப்புன்னு நான் ஒருநாளும் சொல்லல. அந்தச் சீட்டு இருக்கே, இந்த நாட்டுல என்னைய நேரா கேக்கிறது அது ஒண்ணுதான். இருபது வருசமா அதுல என் பிள்ளைக்காகப் பதில் சொல்லிட்டு வாரேன். அன்னைக்குச் சொல்ல விடாததை. இந்த வருசம் என்ன சொன்னேங்கிறது எனக்கும் அந்தச் சீட்டுக்கும் நடுவுல. அதையும் நீங்களே சொல்லிக் குடுத்துராதீங்க.”

எழுந்து, என் கையிலிருந்து குடையை வாங்கித் தானே பிடித்துக்கொண்டாள். காருக்குப் போகும்போது என்னையும் அதற்குள் சேர்த்துக்கொண்டாள். வீட்டுக்கு அவள்தான் ஓட்டினாள்.

டயரெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 6, ஞாயிறு

ஆராதனைக்குப் போனோம். கார் நிறுத்துமிடத்தில் நான் யாரிடமும் பேசவில்லை. பாஸ்டர் வந்து, உடம்புக்கு என்ன அண்ணாச்சி என்று விசாரித்தார்.

நவம்பர் 9, புதன்

தோற்றுவிட்டாள்.

காலையில் கெசியாவே போன் பண்ணினாள். வித்தியாசம் இருநூறுகூட இல்லை. எங்கள் சபையும் மேலே லூத்தரன்காரர்களில் நாலு பேரும் திரும்பியிருந்தால் கரை ஏறியிருப்பாள். டவுன் பக்கம் நன்றாக வாங்கியிருக்கிறாள். எலுமிச்சைச் சாறு கொடுத்த கிழவரின் தெருவில்தான் அடி.

எப்போதும் இதற்கு ஒரு பெரிய வர்ணனை வைத்திருப்பேன். வாட்டர்லூ, பானிபட் என்று ஆரம்பித்து. இன்று வரவில்லை. குக்கர் மூடியை ஒன்றுமில்லாததற்குத் தரையில் போட்டு நசுக்கினேன். வேறு என்ன செய்வது? ஓட்டுப் போட்டவர்கள் ஒருவரையும் எனக்கு வெறுக்க வரவில்லை, அதுதான் பெரிய எரிச்சல். கிழவர் நல்லவர். ஆசீர்வாதம் போன வருஷம் எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது ஒரு மாதம் சாமான்களை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டவர். யார் சட்டையைப் பிடிப்பது?

எப்சிபா செய்தியைக் கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு மீன் எடுத்து, குழம்பு வைத்து, பாத்திரத்தோடு கெசியா வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் வரவா என்று கேட்டேன். கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை சும்மா நின்றேன். வேண்டாம், மூடியை நிமிர்த்தி வையுங்கள் என்றாள்.

நவம்பர் 12, சனி

வார்டுக்கு ஜனவரி முதல் வாரத்தோடு பூட்டு. பத்திரிகையில் போட்டுவிட்டார்கள்.

நவம்பர் 19, சனி

இன்று முதல் பனி. கெசியா கறிவேப்பிலைச் செடியைக் காரில் வைத்துக் கொண்டுவந்தாள். அவள் வீட்டில் வெயில் வராதாம், பனிக்காலம் முடிகிற வரை அத்தை வைத்திருக்கட்டும் என்றாள். ஏலத்தில் எடுத்த பொருள் விற்றவர் வீட்டுக்கே திரும்பி வருவது என் தொழில் வரலாற்றில் முதல்முறை.

காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. ஆசீர்வாதம். கையில் கோப்பை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். அவர் குரல் தயங்கித் தயங்கி வந்தது. மருமகளுக்கு ஜனவரி கடைசியில் தேதியாம். இங்கே வார்டு இருக்காதாமே, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, பனியில் எப்படி, உனக்குத்தானே தெரியும் என்று கேட்டார்.

நான் எழுந்துவிட்டேன். அந்த நிமிஷம் என்னிடம் இருந்த வசனங்களை அச்சடித்தால் நாலு தொகுதி வரும். பச்சைக் கட்டம் போட்ட யானைக்காரரைக் கூப்பிட்டு மருத்துவம் பார்க்கச் சொல்லுங்கள் என்பது முதல் தொகுதியின் முதல் வரி. எப்சிபா என் சட்டைக் கையைப் பிடித்தாள். இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தேன்.

கெசியா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு எல்லாம் சொன்னாள். எந்த ஆஸ்பத்திரி, எந்த ரோடு, வலி ஆரம்பித்தால் காத்திருக்காமல் எப்போது கிளம்ப வேண்டும், காரில் என்னென்ன வைத்திருக்க வேண்டும். கடைசியில், “எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணுங்க அங்கிள், நான் கூட வரேன்” என்றாள். அவர் எல்லாவற்றையும் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, கடையில் பொன்னி வந்திருக்கிறது, அண்ணாச்சியிடம் சொல்லும்மா என்றார்.

அவள் போன பிறகு செடியை ஜன்னலோரமாக நகர்த்தினேன். எப்சிபா வந்து ஒரு விரல்கடை இந்தப் பக்கம் திருப்பினாள். ஓட்டு யாருக்கு என்று நான் கேட்கவில்லை. இனிமேலும் கேட்பதாக இல்லை.

வேறு ஒன்று கேட்டேன். தமிழில்தான்.

“எப்சி, அன்னைக்கு உன்கிட்ட கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?”

அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். சொன்னாள். குழம்பு ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் சொன்னாள். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

என்ன சொன்னாள் என்று இங்கே எழுதப் போவதில்லை. நான் எழுதினால் ஒன்றை ஒன்பதாக்கிவிடுவேன். அது அவள் சொன்ன அளவிலேயே இருக்கட்டும்.